முன்பள்ளிக்கு 15 டெப்: வாங்குவதா, வேண்டாம் என்பதா?

வாசிகசாலைச் செயலாளர் (திங்கள், இரவு 8.40)

வணக்கம். வடமராட்சிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளர் நான். எங்கள் ஊர் முன்பள்ளி அந்த நிலையத்தின் பின்மண்டபத்தில்தான் நடக்கிறது. பிள்ளைகள் 22 பேர், ரீச்சர்மார் இரண்டு பேர், சங்கிலி அறுந்த ஊஞ்சல் ஒன்று, பூவரச மரம் ஒன்று.

கனடாவில் இருக்கும் ஊர் அண்ணை ஒருவர் தன் தாயாரின் நினைவாக முன்பள்ளிக்கு 15 டெப் (தொடுதிரைக் கைக்கணினி) வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திவசத்துக்கு ஊருக்கு வரும்போது கையளிப்பாராம். நிர்வாகசபைக் கூட்டத்தில் பாதிப்பேர் கைதட்டினார்கள். மூத்த ரீச்சர் மட்டும் ஒன்றும் கதைக்காமல் வரவுக் கொப்பியை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். பத்து வருசம் பழகியதில் எனக்குத் தெரியும், அவர் கதைக்காமல் போனால் விருப்பம் இல்லை என்று அர்த்தம்.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. வேண்டாம் என்றால் தருகிறவர் மனம் நோவார், நாளைக்கு வேறு உதவி கேட்டும் போய் நிற்க ஏலாது. வாங்கிப்போட்டால் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் அதை வைத்து என்ன செய்வார்கள்? முன்பள்ளியில் படிப்பிக்கிறவர்கள், பிள்ளையை அனுப்புகிறவர்கள் அனுபவத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும். கூட்டம் வருகிற ஞாயிறு.

கச்சான் சுருள் (திங்கள், இரவு 8.52)

தருகிறதை வாங்கிப் போடுங்கோ அண்ணை. இதற்கெல்லாம் இழை தொடங்கி யோசிக்கிறதா? கொழும்பு நேசரிகளில் பிள்ளைகள் டெப்பில் படம் கீறுகிறார்கள். எங்களுடையதுகள் இன்னும் வெண்கட்டியோடு இருக்கின்றன.

பெரிய ரீச்சர் அல்ல (செவ்வாய், காலை 5.15)

வலிகாமத்தில் ஒரு முன்பள்ளியில் 19 வருசமாகப் படிப்பிக்கிறேன். உங்கள் மூத்த ரீச்சர் ஏன் எழும்பிப் போனார் என்று எனக்கு விளங்குகிறது. அவர் சொல்லாததை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்களுக்கு மூன்று வருசத்துக்கு முதல் பெரிய ஸ்மார்ட் ரிவி ஒன்று கிடைத்தது. நல்ல மனதோடு தந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கு முதல் காலையில் வட்டமாக இருந்து ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் புதினம் சொல்லும். ஆடு குட்டி போட்டது, மாமாவின் மோட்டார் சைக்கிள் பழுது, அம்மா அப்பாவோடு கோபம், எல்லாம் வெளியில் வரும். ரிவி வந்த பிறகு பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்துக்கொண்டு கழற்றினார்கள். "ரீச்சர், போடுங்கோ." போட்டால் ஒரு சத்தம் இருக்காது.

அந்த அமைதி எங்களுக்கும் இனித்தது, அதை மறைக்கவில்லை. ஒரு நாளில் அந்தக் கால் மணித்தியாலம்தான் நான் தேத்தண்ணியைச் சூடாகக் குடித்தேன். கால் மணித்தியாலம் அரை மணித்தியாலமானது. பிறகு நேரம் பார்ப்பதை விட்டுவிட்டோம். பங்குனி வெயிலில், கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்ட நேரத்தில், ஒரு பிள்ளை மழையைப் போ போ என்று விரட்டுகிற ஆங்கிலப் பாட்டை நடித்துப் பாடியது. தாய்மார் எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். இரவு படுத்த பிறகுதான் யோசித்தேன், இந்த ஊரில் மழையைப் போ என்று யார் சொல்வார்கள்?

ஒரு நாள் காலையில் கரண்ட் போய்விட்டது. பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பதினாறு வருசம் ரிவி இல்லாமல் படிப்பித்தவளுக்கு! அன்றைக்குத்தான் பயந்தேன்.

கை விசயம் இன்னொன்று. இப்போது வருகிற பிள்ளைகளில் சிலர் திரையை வடிவாகத் தள்ளுவார்கள், ஆனால் மாவை உருட்டச் சொன்னால் விரல் களைத்துவிடும். கடதாசியைக் கிழிக்க வலு இல்லை. ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுதுவிக்கிறோம். அரிசி விலகும், விரல் உறுத்தும், எழுத்து கோணலாக வரும். டெப்பின் கண்ணாடித் திரையில் எப்படி இழுத்தாலும் கோடு நேராக வருகிறது, கைதட்டுகிற சத்தம் வேறு வருகிறது. கோணலாக வந்ததைப் பார்த்து மறுபடி எழுதுகிற வேலை அங்கே பிள்ளைக்கு இல்லை.

கண்ணாடிக்கடைக்காரன் (செவ்வாய், காலை 9.30)

கண் பரிசோதிக்கிற தொழிலில் இருக்கிறேன். முந்தி தரம் 6, 7 பிள்ளைகள்தான் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட வருவார்கள். இப்போது தரம் 2 பிள்ளையை மடியில் இருத்திப் பார்க்கிறேன்.

சீனாவில் குவாங்சோ நகரத்தில் தரம் 1 பிள்ளைகளை இரண்டு பகுதியாகப் பிரித்து மூன்று வருசம் பார்த்தார்கள். ஒரு பகுதிப் பாடசாலைகளில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள், மற்றப் பகுதியில் வழமைபோல. மூன்று வருச முடிவில் வெளியில் விட்டவர்களில் 30.4 வீதத்தினருக்கும் மற்றவர்களில் 39.5 வீதத்தினருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. 2015இல் வெளிவந்த ஆய்வு. தாய்வான் 2010 முதலே பாடசாலைப் பிள்ளைகள் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் நிற்கவேண்டும் என்று திட்டம் போட்டு நடத்துகிறது. திரை நஞ்சு என்று நான் சொல்லவில்லை. கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதும் பகல் வெளிச்சம் படாமல் இருப்பதும்தான் கரைச்சல். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு வெளிச்சம் போதவில்லை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கையும் போடுகிறேன். 3, 4 வயதுப் பிள்ளை இருந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. உடம்பை அசைத்து விளையாடுவது 180 நிமிடம், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க. நித்திரை 10 முதல் 13 மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தைச் சோறு தீத்தும்போதே வீட்டில் முடித்துவிட்டுத்தான் பிள்ளை முன்பள்ளிக்கு வருகிறது. முன்பள்ளிக்கென்று மிச்சம் ஒன்றும் இல்லை.

ஸ்காபரோ அப்பப்பா (செவ்வாய், இரவு 7.05)

தருகிறவர் பக்கமும் ஒருவர் கதைக்கத்தானே வேண்டும்.

நாங்கள் அனுப்புவது ஏன் எப்போதும் டெப், ரிவி, கணினி என்று இருக்கிறது தெரியுமா? படத்தில் தெரியும். பெட்டியைப் பிள்ளை கையில் வைத்துப் படம் எடுக்கலாம், பழைய மாணவர் சங்கக் குழுவில் போடலாம். ரீச்சரின் சம்பளத்தைப் படம் எடுக்க முடியாது. இதில் நானும் குற்றவாளிதான், இரண்டு தரம் அனுப்பியிருக்கிறேன். ஒரு தரமாவது போன் எடுத்து "என்ன வேணும்?" என்று கேட்கவில்லை.

ஆனால் திரை என்றாலே பேய் என்று கதைக்கவும் என்னால் முடியாது. என் பேரன் என் மனைவியை, அதாவது அவனுடைய அப்பம்மாவை, முதலில் பார்த்தது திரையில்தான். அவ அப்போது ஊரில் இருந்தா. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் 18 மாதத்துக்குக் கீழே திரையே வேண்டாம் என்று சொன்னபோதும் வீடியோ அழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. மறுபக்கத்தில் ஆள் இருக்கிறாரே. பிள்ளை சிரித்தால் அவரும் சிரிப்பார்.

தொண்ணூறுகளில் நாங்கள் கரண்ட் இல்லாமல் இருந்த காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் ரேடியோ. செய்தி கேட்க ஒருத்தன் பெடலைச் சுற்றவேண்டும். அவன் களைத்தால் செய்தி அரைவாசியில் நிற்கும். செயலாளர் தம்பி, இந்த 15 டெப்புக்கும் பெடல் சுற்றப்போவது யார் என்று அந்தக் கனடாக்காரரிடம் கேளும். இரண்டு ரீச்சர்மார், 15 டெப், 22 பிள்ளைகள். மிச்ச ஏழு பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

வாசிகசாலைச் செயலாளர் (செவ்வாய், இரவு 7.31)

ஐயா, அந்த ஏழு பேரை நாங்கள் யாரும் கணக்குப் பார்க்கவே இல்லை.

இரண்டு தமிழ் (செவ்வாய், இரவு 10.18)

யாரும் தொடாத ஒரு விசயம், மொழி. மகளுக்கு நாலு வயது. தமிழ்ச் செயலி ஒன்று இறக்கிக் கொடுத்தேன். "நாற்காலியைத் தொடு" என்றது. நாலு படம் இருந்தது. பிள்ளை முழித்தாள். எங்கள் வீட்டில் அது கதிரை. போர்த்துக்கேயன் விட்டுவிட்டுப் போன சொல்தான், ஆனால் நானூறு வருசமாக அதில்தானே இருக்கிறோம். அவள் யானையைத் தொட்டாள். சிவப்புக் குறி விழுந்தது.

பிறகு வேர்க்கடலை வந்தது, எங்களுக்குக் கச்சான். ஆரஞ்சு வந்தது, எங்களுக்குத் தோடம்பழம். ஷூ, எங்களுக்குச் சப்பாத்து. நாலு வயதுப் பிள்ளைக்கு அவளுடைய சொந்தத் தமிழிலேயே பிழை பிழை என்று சிவப்புக் குறி. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அது அருமையான செயலியாக இருக்கலாம், அவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் பிள்ளைக்கு எங்கள் சொல்லில் ஒன்றும் இல்லை என்பதுதான் குறை.

ஒரு வழி இருக்கிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழில் நிறையச் சிறுவர் படக்கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன. திறந்த உரிமம், இறக்கி அச்சடிக்கலாம், சொல்லை மாற்றிப் புதிய பதிப்பாகவும் போடலாம். நான் ஒரு கதையில் நாற்காலியைக் கதிரையாக மாற்றி அச்சடித்துக் குத்தூசி போட்டுக் கொடுத்தேன். புத்தகம் இப்போது இரண்டாகக் கிழிந்து போயிருக்கிறது, அந்தளவுக்குப் பார்த்திருக்கிறாள்.

நெறியாளர் (புதன், காலை 6.50)

நல்ல விவாதம். ஒரு வேண்டுகோள்: முறைப்பாடு சொல்லும்போது முன்பள்ளிகளின் பெயரையும் ஆட்களின் பெயரையும் போடவேண்டாம். இரண்டு பதிவை நீக்கியிருக்கிறேன்.

ஒரு சொல் போதும் (புதன், காலை 11.20)

எல்லாரும் டெப் வேண்டாம் என்ற பக்கம் போவதைப் பார்க்க எனக்குப் பதறுகிறது. என் மகனுக்கு ஐந்து வயது, ஓட்டிசம். கதைக்கமாட்டான். பேச்சுச் சிகிச்சை செய்கிறவர் சொல்லித்தான் டெப்பில் படம் வைத்த பலகை ஒன்று போட்டோம். படத்தை அமத்தினால் அது சொல்லும். தண்ணி. காணும். வேண்டாம். நோகுது. சொற்களை என் குரலிலேயே பதிந்தேன்.

முதல் மூன்று மாதம் அவன் அதில் காட்டியது பிஸ்கட் மட்டும்தான். பிறகு ஒரு நாள் இரவு அழுதுகொண்டே வந்து 'நோகுது' படத்தை அமத்தி, என் கையை இழுத்துத் தன் காதில் வைத்தான். காதில் சீழ். அதுவரை அவன் அப்படி அழுதபோதெல்லாம் நாங்கள் குழப்படி என்று பேசியிருக்கிறோம். எத்தனை தரம் பேசினோம் என்று எண்ணவே மனம் வரவில்லை.

ஒரு முன்பள்ளியில் அவனைச் சேர்த்தார்கள், டெப்பைச் சேர்க்கவில்லை. மற்றப் பிள்ளைகளும் கேட்பார்களாம். அவனுடைய வாயை வாசலில் வைத்துவிட்டு உள்ளே அனுப்பு என்று சொன்னதுபோல் இருந்தது எனக்கு. செயலாளர் அண்ணா, நீங்கள் என்ன முடிவும் எடுங்கள், "முன்பள்ளிக்குள் டெப் வரக்கூடாது" என்று மட்டும் தீர்மானம் எழுதிப்போடாதீர்கள்.

பெரிய ரீச்சர் அல்ல (புதன், பகல் 1.40)

தங்கச்சி, அவனை எங்களிடம் அனுப்புங்கோ. டெப்போடு. மற்றப் பிள்ளைகள் கேட்டால் கேட்கட்டும், கண்ணாடி போட்ட பிள்ளையின் கண்ணாடியையும்தான் முதல் கிழமை எல்லாரும் கேட்பார்கள். தனிச்செய்தி பாருங்கோ.

கோட் எழுதுகிறவன் (புதன், இரவு 9.45)

கொக்குவிலில் இருந்து மென்பொருள் வேலை செய்கிறேன். "சின்னதிலேயே கோடிங் படிப்பிக்கவேண்டும்" என்று பெற்றார் என்னிடமும் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

இந்த யோசனைக்கு மூலம் தேடினால் சீமோர் பாப்பர்ட்டிடம் போய் நிற்கும். ஜெனீவாவில், பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயோடு வேலை செய்துவிட்டு அமெரிக்காவுக்குப் போனவர். 1967இல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து லோகோ என்ற கணினி மொழியைப் பிள்ளைகளுக்கென்று உருவாக்கினார்கள். அதில் ஒரு ஆமை. முன்னால் போ, வலப்பக்கம் திரும்பு என்று கட்டளை கொடுத்தால் போகும், போகிற வழியில் கோடு கீறும். பிள்ளைக்கு வழி விளங்கவில்லை என்றால் பாப்பர்ட் சொன்ன வைத்தியம், "நீ ஆமையாக நடந்து பார்" என்பதுதான். முதலில் உடம்பு, பிறகுதான் திரை.

அந்த முதல் பகுதிக்கு ஒரு சதமும் வேண்டாம். முற்றத்து மண்ணில் கட்டம் கீறுங்கள். ஒரு பிள்ளை ஆமை, இன்னொரு பிள்ளை கட்டளை. "முன்னால் இரண்டு. வலப்பக்கம் திரும்பு. முன்னால் ஒன்று." நடுவில் ஒரு நுங்குக் கோம்பையை வையுங்கள், ஆமை அதில் முட்டாமல் போகவேண்டும். என் அக்காவின் பிள்ளைகளோடு விளையாடினேன். எதிரும் புதிருமாக நிற்கும்போது யாருடைய வலம் என்று பெரிய சண்டை வந்தது. ஐந்து வயதில் அந்தச் சண்டையைப் பிடிக்கிற பிள்ளைக்குக் கோடிங் தொடங்கிவிட்டது.

திரையில்தான் வேண்டும் என்றால் ஸ்க்ராட்ச் ஜூனியர் என்ற கோடிங் செயலி இருக்கிறது, 2014இல் வந்தது, 5 முதல் 7 வயதுக்கு, இலவசம். கட்டளைகள் படமாக இருப்பதால் வாசிக்கத் தெரியத் தேவையில்லை. வயதைக் கவனியுங்கள், 5. அதாவது முன்பள்ளியை விட்டுப் போகிற வயது.

சின்னப் பிள்ளை ஏன் திரையில் இருந்து குறைவாகப் படிக்கிறது என்பதற்கும் ஒரு நல்ல பரிசோதனை இருக்கிறது. 2003இல் சியாட்டிலில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆள் நேரில் இருந்து சீன மொழியில் 12 அமர்வு கதைத்து விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களை, அதே பேச்சை வீடியோவில் காட்டினால் ஒன்றும் ஏறவில்லை. ஒலி ஒன்றுதான், முகம் ஒன்றுதான். குழந்தையைப் பார்த்துத் திரும்பக் கதைக்க ஆள் இல்லை. ஸ்காபரோ ஐயா சொன்ன வீடியோ அழைப்பு விசயமும் இதில்தான் வந்து பொருந்துகிறது.

எப்படியும் டெப் வந்து சேரும் என்றால் இவற்றையாவது செய்யுங்கள். இணையத்தைத் துண்டித்தே வைத்திருங்கள், தேவையானதை ரீச்சர் முதலே இறக்கி வைக்கட்டும். ஒரு செயலியை மட்டும் திரையில் பூட்டி வைக்கிற வசதி அண்ட்ரொய்டிலேயே இருக்கிறது, அதைப் பாவித்தால் பிள்ளை யூடியூபுக்குத் தாவாது. தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள், வெக்கையில் பற்றரி ஊதிவிடும். ஊதினதைச் சார்ஜில் போடவே கூடாது.

கச்சான் சுருள் (புதன், இரவு 11.02)

சரி, எல்லாம் வாசித்தேன். கோபம் வருகிறது, ஆனாலும் மரியாதையாகவே எழுதுகிறேன்.

இங்கே எழுதுகிற எல்லாரும் டெப், மடிக்கணினி, நல்ல வேகமான இணையம் எல்லாம் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறீர்கள். உங்கள் பிள்ளை எப்படியோ கணினியைத் தொட்டுவிடும். எங்கள் கரையோரத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு போன், அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். 2020இல் பள்ளிக்கூடம் பூட்டி வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினபோது எங்கள் வீட்டு மூன்று பிள்ளைகளும் ஒரு வெடித்த திரையைச் சுற்றி இருந்து படித்தார்கள். சிக்னலுக்குக் கூரையில் ஏறினோம். வசதி உள்ளவன் பிள்ளைக்குக் கணினி, எங்கள் பிள்ளைக்குப் பூவரசம் இலைப் பீப்பியும் நுங்குக் கோம்பையுமா? பழைய விளையாட்டின் அருமையை எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, எங்களுக்கு வேறு விளையாட்டே இல்லை.

மல்மோ மருமகள் (வியாழன், காலை 4.30)

சுவீடனில் முன்பள்ளியில் வேலை செய்கிறேன். 2019இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி முன்பள்ளிகளில் டிஜிட்டல் கருவி கட்டாயம் என்று இருந்தது. 2023இல் அரசாங்கமே அந்தக் கட்டாயத்தை நீக்கப்போவதாக அறிவித்தது, பாடசாலைகளுக்குப் புத்தகம் வாங்கக் காசு ஒதுக்கியது. இங்கே வெளியில் மைனஸ் ஐந்து என்றாலும் பிள்ளைகளுக்கு மேலுடுப்பு மாட்டி வெளியில்தான் விடுகிறோம். இவ்வளவு வசதி உள்ள நாடு இதைச் செய்கிறது என்று கச்சான் சுருளுக்குச் சொல்லத்தான் எழுதினேன். உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது, நானும் கரையோரத்தில் பிறந்தவள்தான்.

கோட் எழுதுகிறவன் (வியாழன், காலை 8.15)

கச்சான் சுருள் கேட்பது சரியான கேள்வி. வயதுதான் வேறு. தரம் 6 பிள்ளைக்குக் கணினி இல்லை என்றால் அது அநியாயம், அதற்கு நானும் உங்களோடு வந்து சண்டை பிடிக்கிறேன். நாலு வயதில் டெப் தொடாத பிள்ளை பத்து வயதில் ஒரு கிழமையில் பழகிவிடும். திரை தள்ளுவது அவ்வளவு சுகமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நாலு வயதில் யாரும் கதை சொல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு கிழமை திரும்பி வராது.

பெரு நாட்டில் ஏழைக் கிராமப் பாடசாலைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பாடசாலைகளை வைத்துச் செய்து 2012இல் வந்த ஆய்வில் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. பிள்ளைகள் கணினி பாவிக்கப் பழகினார்கள், அது உண்மை.

கச்சான் சுருள் (வியாழன், காலை 8.40)

அப்ப பணக்கார நேசரிகள் ஏன் டெப் படம் போட்டு விளம்பரம் செய்கின்றன?

ஸ்காபரோ அப்பப்பா (வியாழன், காலை 8.44)

பெற்றாருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

பெரிய ரீச்சர் அல்ல (வியாழன், இரவு 8.00)

முதல் பதிவில் நான் குறை மட்டும் சொல்லிவிட்டேன். ரிவியை என்ன செய்தோம் என்று சொல்லவில்லை. துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம், மாதத்துக்கு இரண்டு தரம்தான் திறப்போம். ஆனால் என் போனைத் தினமும் பாவிக்கிறேன். கச்சான் சுருள் தம்பிக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன், இதற்குப் பழைய போன் ஒன்று போதும்.

கிழமைக்கு ஒரு பிள்ளை படம் எடுக்கும். நாளுக்கு மூன்று படம் மட்டும். மூன்று என்றால் பிள்ளை யோசிக்கும். முதலில் வரையறை வைக்காமல் கொடுத்துப் பார்த்தேன், கால் பெருவிரலை நாற்பது படம் எடுத்து வைத்தார்கள். மூன்று என்று சொன்ன பிறகு ஒரு பெடியன் கிணற்றுக்கட்டடியில் நெஞ்சு மண்ணில் பட விழுந்து கிடந்து எறும்பு வரிசையை எடுத்தான். அடுத்த நாள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தோம். எறும்புக்கு நாலு கால் என்று ஒரு கட்சி, ஆறு என்று ஒரு கட்சி. படத்தில் தெளிவில்லை. பூதக்கண்ணாடியோடு திரும்பக் கிணற்றடிக்குப் போனோம். போன் பார்த்தது ஐந்து நிமிடம், எறும்பு பார்த்தது முக்கால் மணித்தியாலம். ஆறு என்ற கட்சி வென்றது. தோற்ற கட்சித் தலைவி அடுத்த நாள் சிலந்தியோடு வந்தாள், அதற்கு எட்டு.

இன்னொன்று, குரல் பதிவு. அம்மம்மா, அப்பம்மா யாராவது முன்பள்ளிக்கு வந்தால் ஒரு கதையோ தாலாட்டோ சொல்லச் சொல்லிப் பதிந்து வைப்பேன். மழைக்கு வெளியில் விட முடியாத நாளில் சின்னப் பெட்டி ஸ்பீக்கரில் போடுவேன். திரை இல்லை, குரல் மட்டும். "இது எங்கட அம்மம்மா!" என்று ஒரு பிள்ளை எழும்பி நிற்கும். அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளைக்குத்தான் மரியாதை. இரண்டு தமிழ் சொன்ன கரைச்சலும் இதில் இல்லை. கதிரை கதிரையாகவே வரும்.

ஒரு அம்மம்மா மாசி மாதம் தவறிவிட்டார். செலவீட்டுச் சடங்கு முடிந்து மகள் வந்து அந்தப் பதிவைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு போனார்.

செயலாளர் தம்பி, கனடா அண்ணையிடம் இப்படிக் கேட்டுப் பாரும். டெப் இரண்டு போதும், ரீச்சர் கையில் இருக்க. ஸ்பீக்கர் ஒன்று. ஊஞ்சலுக்குச் சங்கிலி. மிச்சக் காசில் ரீச்சர்மாருக்கு ஒரு வருசப் பஸ் செலவு. அம்மாவின் பெயரை ஊஞ்சலில் எழுதலாம், டெப்பில் எழுதினால் மூன்று வருசத்தில் பற்றரியோடு போய்விடும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பெட்டி பிடிக்கவைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுகிற வேலை மட்டும் வேண்டாம் என்றும் சொல்லும். தாய்தகப்பனைக் கேட்காமல் பிள்ளையின் முகத்தை ஊருக்குக் காட்ட எங்களுக்கு உரிமை இல்லை.

இரண்டு தமிழ் (வியாழன், இரவு 8.26)

ரீச்சர், எனக்கு நாலு வயது என்று பொய் சொல்லி உங்களிடம் சேரலாமா?

வாசிகசாலைச் செயலாளர் (திங்கள், இரவு 9.10)

கூட்டம் முடிந்தது. ரீச்சரின் பட்டியலைத் திருத்தம் இல்லாமல் அப்படியே வாசித்தேன், ஒரு சொல் போதும் அக்கா எழுதினதையும் சேர்த்து. எங்கள் ஊரிலும் கதைக்காத பிள்ளை ஒன்று இருக்கிறது, முன்பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்கிறார்கள். அதைக் கூட்டத்தில் முதல் தரம் வாய்விட்டுச் சொன்னது எங்கள் மூத்த ரீச்சர். இந்த முறை அவர் எழும்பிப் போகவில்லை. கனடாவுக்கு நான்தான் போன் எடுக்கவேண்டுமாம். யோசித்துப் பார்த்தால் நாக்கு வறளுகிறது.

வாசிகசாலைச் செயலாளர் (ஆறு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 6.30)

கேட்டவர்களுக்காக மீதிக் கதை.

அண்ணை முதலில் கோபித்தார். "ஊஞ்சல் சங்கிலிக்கு நான் கனடாவில் இருந்து வரவேணுமோ?" என்று கேட்டார். இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு அவராகவே எடுத்தார். ஐந்து டெப் ஏற்கெனவே வாங்கிவிட்டாராம், அதைத் திருப்ப முடியாதாம். ஐந்தும் வந்தது. இரண்டு ரீச்சர்மாரிடம், ஒன்று அந்தக் கதைக்காத பிள்ளைக்கென்று தாயின் கையில், இரண்டு வாசிகசாலையில் பெரிய பிள்ளைகளுக்கு. கச்சான் சுருள் தம்பி, பின்னேரத்தில் அந்த இரண்டையும் யாரும் வந்து பாவிக்கலாம், உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஊஞ்சல் இரண்டு போட்டாயிற்று. ரீச்சர்மாரின் பஸ் செலவைப் பற்றிக் கேட்டேன், "அதைப் பாப்பம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கையளிப்பு அன்று மூத்த ரீச்சர் குரல் பதிவு விசயத்தை அவருக்குச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பயணப் பையைத் திறந்து ஒரு கசற்றை எடுத்தார். 1993இல் அவருடைய அம்மா கடிதத்துக்குப் பதிலாகக் கதைத்துப் பதிந்து அனுப்பியதாம். ஒரு பக்கம் வீட்டுப் புதினம், மறுபக்கம் அப்போது கனடாவில் பிறந்திருந்த பேரப்பிள்ளைக்கு ஒரு நரிக்கதை. "இதைப் போட்டுக் காட்டுங்கோ பிள்ளையளுக்கு" என்று தந்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது எங்களிடம் டெப் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது, கசற் போடுகிற பெட்டி இல்லை. நெல்லியடியில் மூன்று கடை ஏறி இறங்கினேன், சிரிக்கிறார்கள். யாரிடமாவது ஓடுகிற நிலையில் ஒன்று இருந்தால் இரண்டு நாளைக்குத் தருவீர்களா? நாடா பழசு, சிக்கிக் கிழிக்காத பெட்டியாக இருக்கவேண்டும். நானே வந்து எடுத்துக்கொண்டு போகிறேன்.